பாம்புக்கும் சளி பிடிக்கும்! – நாகமலை அடிவாரத்தில் தெரிந்துகொண்டவை

மதுரை என்றதும் மீனாட்சி அம்மன் கோயிலும் மல்லிகைப் பூவும் சுங்குடிப் புடவையும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஊருக்கு மேற்கே ஒரு மலை நீட்டிப் படுத்துக் கிடக்கிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் ஏறி உட்கார்ந்தால், காளவாசல், விராட்டிபத்து, அச்சம்பத்து என்று வரிசையாக ஊர்கள் வரும். அதற்கப்புறம் ஜன்னல் வழியே பாருங்கள். உயரம் அதிகமில்லாமல், நெளிந்து நெளிந்து, மைல் கணக்கில் போகிறது ஒரு பாறைத் தொடர். அதுதான் நாகமலை. பெயரைக் கேட்ட பிறகு பார்த்தால் பாம்பாகத்தான் தெரியும்; வேறு எதுவாகவும் தெரியாது.

அதன் அடிவாரத்தில் நாகமலை புதுக்கோட்டை என்று ஓர் ஊர். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இதற்குப் பக்கத்தில்தான். என் அண்ணன் குடும்பம் இங்கேதான் குடியிருக்கிறது. ஆடி மாதம் பத்து நாள் போய் இருந்துவிட்டு வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள், பாம்புக்குச் சளி பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு திரும்பினேன்! சிரிக்காதீர்கள். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கும், ஆடி வெள்ளியில் பால் சொம்போடு புற்றுக்குப் போகிற நம் எல்லோருக்கும் உபயோகமான விஷயம் அது.

பாம்பு அளந்து கொடுத்த ஊர்

மதுரைக்கும் பாம்புக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் இரண்டு கதைகள் இருக்கின்றன. வங்கிய சேகர பாண்டியன் காலத்தில் ஊரின் பழைய எல்லை எது என்றே தெரியாமல் போயிற்றாம். அரசன் வேண்ட, சிவபெருமான் தம் கையில் கிடந்த பாம்பை இறக்கிவிட்டார். அது வளைந்து, வாலைத் தன் வாயில் கவ்விக்கொண்டு, "இதுதான் எல்லை" என்று காட்டிற்று. அதனால்தான் ஊருக்கு ஆலவாய் என்று பெயர் வந்ததாம்.

இன்னொரு கதை இந்த மலையைப் பற்றியது. அனந்தகுண பாண்டியன் காலத்தில் சமணர்கள் வேள்வி செய்து ஒரு பெரிய நாகத்தை ஏவினார்களாம். அரசன் அம்பெய்து அதை வீழ்த்தினான். நாகம் கக்கிய விஷம் ஊரெங்கும் பரவ, இறைவன் சடையிலிருந்து அமுதம் தெளித்து ஊரைக் காப்பாற்றினார். விழுந்த நாகமே நாகமலையாகக் கிடக்கிறது என்பது ஐதீகம். யானை வந்து ஆனைமலை ஆனதும், மாயப் பசு வந்து பசுமலை ஆனதும் இதே வரிசைக் கதைகள்தான். சைவருக்கும் சமணருக்கும் பகை இருந்த காலத்தை ஒட்டி எழுந்தவை இவை.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமணர்களும் நாகத்தைக் கும்பிட்டவர்கள்தான். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில் கீழக்குயில்குடி இருக்கிறது. மலையடியில் தாமரைக் குளம், பக்கத்திலேயே அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் போய்விட வேண்டும். படியேறிப் போனால் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் பாறையிலேயே வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமை. அதில் பார்சுவநாதர் தலைக்கு மேல் நாகம் படம் விரித்துக் குடை பிடிக்கிறது. கதையில் பகைவர்களான இரண்டு தரப்பாருக்கும் நாகம் காவல் தெய்வம்! அந்தப் பாறை நிழலில் உட்கார்ந்து கீழே பார்த்தால் வயலும் தென்னந்தோப்பும் கண்மாயுமாக மதுரைச் சமவெளி விரிந்து கிடக்கிறது.

ஆடி வெள்ளியும் பால் சொம்பும்

ஊருக்குள் அரசமும் வேம்பும் சேர்ந்து நிற்கிற இடத்திலெல்லாம் மஞ்சள் பூசிய நாகர் கல் உண்டு. புற்று இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆடி வெள்ளியன்று மதினியோடு நானும் போனேன். விடியற்காலையிலேயே நல்ல கூட்டம். மஞ்சள், குங்குமம், முட்டை, பால். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணுக்காக ஒரு தாயார், பேரன் வேண்டி ஒரு பாட்டி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சொம்பு. ஊற்றிய பால் புற்றின் வாய் வழியே கொஞ்சம் உள்ளே போயிற்று; மீதி மண்ணில் வழிந்து எறும்பு மொய்த்தது.

"பாம்பு வந்து குடிக்கும்னு நெனச்சுத்தான் ஊத்துறோம். குடிக்குதா இல்லையான்னு யாரு பாத்தா?" என்றார் மதினி திரும்பி வரும்போது. நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு விடை இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டிலேயே கிடைத்தது.

பெயரால் வந்த வினை

மதினிக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரே மகன், காலேஜில் படிக்கிறான். மூத்த மகள் பிரசவத்துக்கு வந்து, ஏழு மாதக் கைக்குழந்தையோடு அங்கேயே இருந்தாள். பையன் ஆசைப்பட்டு வெளியூரிலிருந்து இரண்டு பாம்புக்குட்டிகள் வாங்கியிருந்தான். நம் ஊர்ப் பாம்பு அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள சிறு ஜாதி மலைப்பாம்பு. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். அதனால் இங்கிலீஷில் அதற்குப் 'பால் பைதான்' என்று பெயர். விஷம் கிடையாது. விற்றவர் இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டு, இரவு பஸ்ஸில் பார்சல் போல அனுப்பிவிட்டார்.

பையன் பெயரைச் சொன்னதும் அக்கா என்ன நினைத்தார் தெரியுமா? பால் குடிக்கிற பைதான் போலிருக்கிறது என்று! நம் காதுக்கு அப்படித்தானே கேட்கும்? வந்ததில் ஒன்று சோர்ந்து கிடந்தது. "பாவம், பச்சப்புள்ள மாதிரி வாடிக் கெடக்கே"ன்னு, பையன் காலேஜுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வயதான உறவுக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பேரனுக்கு மருந்து புகட்டும் சங்கில் பாலை எடுத்து அதன் வாயில் ஊற்றிவிட்டார். மனசில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆடி மாதம், நாகம் வீட்டுக்கு வந்திருக்கிறது, பால் கொடுத்தால் புண்ணியம் என்பதுதான்.

ஐந்தாம் நாள் அந்தக் குட்டி செத்துப்போயிற்று. ஒரு சத்தம் இல்லை, ஒரு இருமல் இல்லை. காலையில் பார்த்தால் வாயைப் பிளந்தபடி கிடந்தது.

நான் பார்த்தது இரண்டாவதைத்தான். கண்ணாடித் தொட்டிக்குள் சுருண்டு கிடந்தது. தலையை மட்டும் சுவர்மேல் சாய்த்து, மோவாயை மேலே தூக்கி வைத்திருந்தது. வாய் ஒரு நூலளவு திறந்தே இருந்தது. கிட்டத்தில் காதை வைத்துக் கேட்டால் சன்னமாக விசில் போல ஒரு சத்தம். "கொட்டாவி விடுதுக்கா, தூக்கம் போலருக்கு" என்றார் அந்த அம்மாள். மூக்குத் துளையில் சோப்பு நுரை மாதிரி சின்னதாக ஒரு குமிழி வந்து வந்து உடைந்தது. கைக்குழந்தைக்கு நெஞ்சுச் சளி கட்டினால் மூச்சு எப்படி இழுக்கும் என்று பார்த்தவள் நான். "இது கொட்டாவி இல்லீங்க, உடனே டாக்டரிடம் காட்டுங்க" என்று சொல்லி, பையனோடு நானும் மதினியும் கிளம்பினோம்.

டாக்டரம்மா சொன்னது

எல்லாக் கால்நடை டாக்டர்களும் பாம்பு பார்ப்பதில்லை. நாலு இடத்தில் விசாரித்து, மதுரையில் இதில் பழக்கமுள்ள ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தோம். பொறுமைசாலி. எங்கள் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். "மதுரை வெயிலில் பாம்புக்குச் சளி பிடிக்குமா டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"நல்லாப் பிடிக்கும் அம்மா. அதுக்கு உடம்புச் சூடுன்னு சொந்தமா ஒண்ணும் கிடையாது. சுத்தியிருக்கிற இடத்துச் சூடுதான் அதோட சூடு. இவன் ரூம்ல ஏ.சி. ஓடுது. தொட்டி நேரா அதுக்குக் கீழே. போதாததுக்கு வழிப்பிரயாணம், பயம், ஈரமான துணி. எதிர்ப்பு சக்தி குறைஞ்சிடும். அதுவரைக்கும் வாயில சும்மா இருந்த கிருமியே நுரையீரலுக்கு இறங்கிடும்" என்றார்.

அப்புறம் அவர் பாம்பின் மூச்சைப் பற்றி விளக்கியதுதான் என்னை யோசிக்க வைத்தது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அதன் பலத்தில்தான் இருமிச் சளியை வெளியே தள்ளுகிறோம். பாம்புக்கு அது கிடையாது. விலா எலும்புத் தசைகளை அசைத்தே மூச்சு விடுகிறது. பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல்தான் பிரதானம். நீளமாக ஒரு பை மாதிரி உடம்போடு போகிறது. இடது பக்கம் மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை. மலைப்பாம்பு ஜாதிக்கு இரண்டும் உண்டு. அந்த நீண்ட பைக்குள் சளியோ சீழோ சேர்ந்துவிட்டால் இருமி வெளியேற்ற வழியே இல்லை. நம் குழந்தை என்றால் இருமும், அழும், நமக்குத் தெரிந்துவிடும். பாம்பு அழாது, இருமாது. அமைதியாகவே மூச்சு முட்டும்.

"அப்போ பால்?" என்று அக்காவுக்காக நான் கேட்டேன்.

டாக்டரம்மா பாம்பின் வாயை மெல்லத் திறந்து காட்டினார். நாக்கு உறைக்குப் பின்னால், வாயின் தரையிலேயே ஒரு சிறு துளை திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதுதான் மூச்சுக்குழலின் வாய். இரையை விழுங்கும்போதுகூட மூச்சு விட வசதியாக அதை முன்னே நீட்டிக்கொள்ளும். "இங்கே பாலை ஊத்தினா அது வயித்துக்கா போகும்? நேரா நுரையீரலுக்குப் போகும். செத்ததை நான் பார்க்கலை, அதனால் இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா, பால் புகட்டின பாம்பு நிமோனியாவில் போறது எங்களுக்குப் புதுசு இல்லை" என்றார்.

வட நாட்டில் நாக பஞ்சமி சமயத்தில் பாம்பாட்டிகள் நல்ல பாம்பைப் பிடித்து, பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பார்களாம். தாகத்தில் எதைக் கொடுத்தாலும் உறிஞ்சும் அல்லவா? பூஜை நாளில் பாலை வைத்தால் குடிப்பது போலத் தெரியும். பால் அதற்கு ஜீரணமும் ஆகாது. பல்லைப் பிடுங்கி, வாயைத் தைத்த கொடுமையும் உண்டு. அந்தப் புண் சீழ் பிடித்து, அதிலிருந்தும் நோய் நுரையீரலுக்கு இறங்குமாம். நான் சிறுமியாக இருந்தபோது சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மகுடி ஊதிக் கூடையைத் திறப்பார்களே, அந்தப் பாம்புகள் வாயைப் பிளந்து சீறியதை நாங்கள் கோபம் என்று நினைத்துப் பயந்தோம். அதில் எத்தனை மூச்சுக்குத் தவித்தனவோ!

அடையாளங்கள் என்ன?

முறையான காகிதத்தோடு இப்படி வெளிநாட்டுப் பாம்பு வைத்திருக்கிற வீடுகள் இப்போது நம் ஊர்களிலும் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வாங்கி வந்தால், தாயார் இவற்றைக் கவனித்துச் சொல்லலாம்:

வாய் லேசாகத் திறந்தபடியே இருப்பது. இரை விழுங்கிய பின் ஓரிரு முறை வாயைப் பிளப்பது இயற்கை; எப்போதும் திறந்திருந்தால் நோய்.

மூச்சில் விசில், கரகரப்பு, 'டிக் டிக்' சத்தம். சட்டை உரிக்கும் சமயத்தில் லேசான சத்தம் வரலாம். உரித்த பிறகும் நின்றபாடில்லை என்றால் கவலைப்பட வேண்டும்.

மூக்கிலும் வாய் ஓரத்திலும் நுரை, குமிழி, நூல் போல இழுக்கும் கோழை.

தலையை மேலே தூக்கி, கழுத்தை நீட்டி வைத்திருப்பது. படுத்தால் மூச்சு விட முடியாததால்தான் அப்படி.

வாய்க்குள் ஈறு சிவந்து, தயிர்க்கட்டி போல வெள்ளையாகப் படிவது.

இரை எடுக்காமல் மெலிவது. இந்த ஜாதி சில சமயம் நோயில்லாமலே வாரக் கணக்கில் விரதம் இருக்கும். ஆகையால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. மற்ற அடையாளமும் சேர்ந்திருந்தால் தாமதிக்கக்கூடாது.

வைத்தியம்

டாக்டரம்மா முதலில் எடை பார்த்தார். பஞ்சால் வாய்க் கோழையைத் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கத்தான். செதில்களுக்கு இடையில் மிளகுப் பொடி தூவினாற்போலக் கறுப்பாகச் செள்ளு இருக்கிறதா என்று பூதக் கண்ணாடியில் தேடினார். இந்தச் செள்ளு ரத்தத்தை உறிஞ்சிப் பாம்பைப் பலவீனப்படுத்தும், நோயையும் பரப்பும். இதில் இல்லை. பிறகு ஊசி. பாம்புக்கு மருந்து உடம்பில் மெதுவாகத்தான் கரையுமாம். அதனால் மூன்று நாளைக்கு ஒரு ஊசி, பல வாரம் தொடர்ந்து போட வேண்டும். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வரும்.

"மருந்து பாதி, சூடு பாதி" என்றார். உடம்பு சூடாக இருந்தால்தான் எதிர்ப்பு சக்தியும் வேலை செய்யும், மருந்தும் வேலை செய்யும். தொட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26, 27 டிகிரி. எது வேண்டுமோ அங்கே அது போய்ப் படுத்துக்கொள்ளும். சூட்டுக் கருவியைத் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் அவசியம், இல்லாவிட்டால் வெந்துவிடும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியிலோ ஜன்னலோரத்திலோ கண்ணாடித் தொட்டியை வைப்பது கொலைக்குச் சமானம். அடியில் போட்ட காகிதம் நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். குடிக்கச் சுத்தமான தண்ணீர், அவ்வளவுதான்.

நம் வீட்டு வழக்கப்படி கற்பூரவல்லிச் சாறு, யூகலிப்டஸ் தைலம், ஆவி பிடித்தல், பேரனுக்கு எழுதிக் கொடுத்த சிரப்பில் நாலு சொட்டு எதுவும் கூடாது. பிள்ளைக்கு இதம் தருவது பாம்பின் நுரையீரலைப் புண்ணாக்கும்.

புதிதாக வாங்கிய பாம்பை ஏற்கெனவே இருக்கிற பாம்போடு சேர்க்கவே கூடாது. தனி அறை, தனித் தண்ணீர்க் கிண்ணம், குறைந்தது மூன்று மாதம். மலைப்பாம்பு ஜாதிக்கு வரும் சில வைரஸ் நோய்களுக்கு மருந்தே இல்லை. தனியே வைப்பதுதான் காவல். அந்தப் பையன் இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டிருந்தான்.

நான் ஊர் திரும்பிய பிறகும் மதினி போனில் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் குமிழி நின்றது. ஆறாவது வாரம் வாயை மூடிப் படுத்ததாம். அதற்கும் பிறகுதான் இரை தொட்டது. அந்த அக்கா மட்டும், "நாந்தானே அந்த ஒண்ணைக் கொன்னேன்"னு இன்னும் புலம்புகிறாராம். அறியாமல் செய்தது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கைக்குழந்தை இருக்கிற வீடா?

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்ன ஒன்றை இங்கே தனியாக எழுதுகிறேன். நோயில்லாத பாம்பின் மேலும் கழிவிலும்கூட சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அதற்கு அதனால் கெடுதல் இல்லை. நம் குழந்தைக்குப் பேதியும் காய்ச்சலும் வரும். சில சமயம் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் பாம்பையோ அதன் தொட்டியையோ தொடக்கூடாது. தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்கக்கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. சங்கு, பாலாடை, பிள்ளையின் துண்டு எதையும் பாம்புக்கு எடுக்கக்கூடாது. அந்தச் சங்கை அன்றைக்கே தூக்கிப் போடச் சொன்னோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுப் பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதிர்ஷ்டம் வரும் என்று மண்ணுளிப் பாம்பை வாங்குகிறவர்களும் இதில் சேர்த்திதான். வெளிநாட்டு ஜாதி என்றால் 2024-ல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். காகிதம் இல்லாமல் விற்கிறவர்களிடம் வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவர் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. பெட்டிக்குள் நெருக்கியடித்து வருகிற ஜீவன்கள் வழியிலேயே நோயை வாங்கிக்கொள்ளும். அப்படி வந்தது கைமாறிக் கைமாறி யார் வீட்டுக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்?

பாம்பைப் பிடித்தும் அதற்குக் கெடுதல் செய்யாமல் இருக்க முடியும் என்று காட்டியவர்கள் நம் இருளர் மக்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தில், விஷப் பாம்புகளை மண் பானையில் சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் செய்து, மறுபடி வெளியில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் போகிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பெண்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

வயல்தான் அதன் வீடு

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் சோழவந்தான் பக்கம் போனோம். வைகைக் கரை, நெல் வயல், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். ஆடிக் காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்கியது. வரப்பில் ஆறடிச் சாரைப்பாம்பு ஒன்று சர்ரென்று குறுக்கே போயிற்று. நான் கூச்சல் போட, களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தார். "அது அதுபாட்டுக்குப் போகட்டும் தாயி. எலியப் புடிக்கத்தான் போகுது. அது இல்லேன்னா நமக்கு நெல்லு மிஞ்சாது."

அந்தச் சாரையின் வாய் மூடியிருந்தது. மூச்சுச் சத்தம் இல்லை. வெயிலில் காய்ந்து, நிழலில் குளிர்ந்து, தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேடிக்கொள்கிற பாம்பு அது. தொட்டிக்குள் இருப்பதற்கு அந்தச் சுதந்திரம் இல்லை என்பதால்தான் நாம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பொந்துகளில் தண்ணீர் புகுந்தால் பாம்பு வீட்டுக்குள் வரலாம். அடிக்க வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, எந்த மூலையில் இருக்கிறது என்று தூரத்திலிருந்து கண் வைத்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் போன் செய்யுங்கள். அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிறு கட்டுவதும் கூடவே கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். மதுரைக்காரர்களுக்கு அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது.

புற்றுக்குப் போவதை விட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். மஞ்சள் குங்குமம் இட்டு, விளக்கேற்றி, சுற்றி வந்து கும்பிடுங்கள். பாலை மட்டும் புற்றுக்குள் ஊற்றாதீர்கள். உள்ளே பாம்பு இருந்தால் ஈரமும் புளிப்பும் எறும்பும்தான் அதற்குக் கிடைக்கும். நாகர் கல்லின் முன் நைவேத்தியம் செய்துவிட்டு, அந்தச் சொம்புப் பாலைக் காய்ச்சி அங்கே நிற்கிற குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு தம்ளர் கொடுத்துப் பாருங்கள். மதினி அடுத்த ஆடி வெள்ளியிலேயே அப்படிச் செய்துவிட்டார். ஆறு குழந்தைகள் குடித்தார்களாம்.